பாலாற்றுக்கு ஒரு மையக்கோடு

ஆற்றை அளக்கப் போகிறவனுக்கு முதல் தலைவலி, ஆறு எது என்பதுதான். 2022 கோடையில் வேலூர்ப் பக்கம் பாலாற்றில் குறுக்குவெட்டு எடுக்கும் வேலை, அதாவது கரைக்குக் கரை படுகையின் மேடுபள்ளத்தை அளப்பது. உயரம் பார்க்கும் லெவல் மிஷினைக் கரையில் வைத்து, ஸ்டாஃப் எனும் அளவுக்கோலைப் பிடிப்பவரை மணலில் இறக்கினேன். ஒரு ஓடை, ஒரு திட்டு, அப்புறம் இன்னொரு ஓடை, மறுபடி திட்டு. பிரிந்து பிரிந்து பின்னிக்கொள்ளும் ஆறு. வரைபடத்திலோ ஒற்றை நீலக்கோடு.

மூன்றாம் நாள், மிஷினில் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஸ்டாஃப் காணாமல் போனது. ஓடிப் போய்ப் பார்த்தால், மனிதர் இரண்டு ஆள் ஆழப் பள்ளத்தில் நிற்கிறார். மணல் அள்ளிய குழி. அடியில் தட்டுப்பட்ட களிமண்ணில் பொக்லைனின் பல் கீறிய தடம் அப்படியே இருந்தது. பக்கத்தில் ஒரு குடிநீர் உறைக்கிணறு, மணல் விலகி, ஏழு உறை வெளியே தெரிய நின்றது. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் கேட்டார்: "இன்னா தம்பி, ஆறு எவ்ளோ எறங்கிச்சுன்னு அளக்கறீங்களா? அந்தக் கெணத்துலயே தெரியுதே, மிஷினு எதுக்கு?"

குழிக்குள் விழும் தண்ணீர் மேல்பக்கமாக அரித்துக்கொண்டே போகும். ஆழமான ஓடை எல்லா நீரையும் இழுத்துக்கொள்ள, மற்றவை வறண்டுவிடும். வறண்ட திட்டில் சீமைக்கருவேலம் வேரூன்றினால் திட்டு நகராது. பரவி ஓட இடமில்லாத வெள்ளம் ஒரே கரையை முட்டும். 2021 நவம்பரில் வாலாஜா அணைக்கட்டில் விநாடிக்கு ஒரு லட்சம் கனஅடிக்கு மேல் வந்தபோது, அந்தக் குழிக்கு நேரே இருந்த தென்னந்தோப்பில் பாதி போய்விட்டதாம். குழி அதற்கும் முந்தையது, வெள்ளத்துக்குப் பின் மறுபடி தோண்டியிருக்கிறார்கள்.

பீகாரின் கோசியில் கதை தலைகீழ். அங்கே கரை கட்டி ஆற்றை நெருக்கினார்கள். வண்டல் உள்ளேயே தங்கி, படுகை உயர்ந்தது. 2008 ஆகஸ்டில் நேபாள எல்லைக்குள் இருக்கும் குசகாவில் கரை உடைந்தபோது ஓடியது, அந்தக் கரை தாங்க வேண்டிய வெள்ளத்தில் ஆறில் ஒரு பங்குகூட இல்லை.

சரி, என் வேலைக்கு வருகிறேன். அலுவலகம் தந்த படிவத்தில் 'ஆற்றின் மையக்கோடு' என்று ஒரே ஒரு கட்டம். நான்கு ஓடைக்கு நான்கு கோடு போட்டு அனுப்பினேன், திரும்பி வந்தது. ஆழமானதை எடுத்துக்கொள் என்றார்கள். ஆழமானது அந்தக் குழிதான். வாதாடியிருக்கலாம், மாதக் கடைசி, பில் போட வேண்டும். போட்டுக் கொடுத்தேன்.

அடுத்த வருடம் மழைக்குப் பிறகு அங்கே போனோம். மற்ற மூன்று ஓடையும் காய்ந்து கிடக்க, குழி வழியாக மட்டும் தண்ணீர் நேராகப் போய்க்கொண்டிருந்தது.

ஸ்டாஃப் பிடிப்பவர் சிரித்தார். "சார், நீங்க போட்ட கோட்லயே போவுது."