கதவு ஆணியில் தொங்கிய டை

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்து ஜனவரிப் புழுக்கத்தில் கழுத்துப் பொத்தான் வரை பூட்டிய சட்டையே ஒரு தண்டனைதான். அதன் மேல் டையும் கட்டிக்கொண்டுதான் இங்குள்ள பிள்ளைகள் பலர் பள்ளிக்குப் போகிறார்கள். அதுவரை எலாஸ்டிக் வைத்துத் தைத்த டையை மாட்டிக்கொண்டிருந்த என் மகன், எட்டாம் வகுப்புக்கு உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்தபோது, முடிச்சில்லாத நீண்ட டை ஒன்றை என் கையில் கொடுத்துக் கழுத்தை நீட்டினான். எனக்கு அதைக் கட்டத் தெரியாது என்பது அப்போதுதான் எனக்கே உறைத்தது.

இத்தனைக்கும் ஐந்தாண்டுகள் பள்ளியில் டை அணிந்தவன் நான். ஆண்டுதோறும் பள்ளி திறக்கும் நாளன்று அப்பா ஒருமுறை கட்டிவிடுவார். மாலையில் முடிச்சைத் தளர்த்தித் தலைவழியாகக் கழற்றி, கதவுக்குப் பின்னாலுள்ள ஆணியில் மாட்டிவிடுவேன். மறுநாளும் அதே வளையத்துக்குள் தலையை நுழைப்பேன். டிசம்பர் விடுமுறை வருவதற்குள் அந்த முடிச்சு புளியங்கொட்டைபோல் இறுகி, அழுக்கில் பளபளக்கத் தொடங்கியிருக்கும்.

அப்பா இப்போது இல்லை. ஆகவே மகனை அழைத்துக்கொண்டு சாட்ஸ்வொர்த்தில் இருக்கும் பெரியப்பாவிடம் போனேன். கடற்கரையோர ஓட்டல் ஒன்றில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வெயிட்டராக இருந்து, நாள் தவறாமல் டை கட்டியவர் அவர். முதலில் எனக்கு எதிரே நின்று கட்டிக்காட்டினார். அவருடைய வலது கை எனக்கு இடப்பக்கமாகத் தெரிய, மூன்று முறையும் நான் திசை மாறிப்போனேன். பிறகு அவரே என் முதுகுக்குப் பின்னால் வந்து, தோள்களின் மேலாகக் கைகளை நீட்டி, "கண்ணாடியைப் பார்க்காதேடா, என் விரலைப் பார்" என்றார்.

அகன்ற முனை வலப்பக்கம், குறுகிய முனையைவிட ஏறத்தாழ ஒரு சாண் தாழ்ந்து தொங்க வேண்டும். அகன்றதைக் குறுகியதன் மேலாக இடப்பக்கம் கொண்டுபோய், அடிவழியாக வலப்பக்கம் இழுத்து, மீண்டும் முன்புறமாக இடப்பக்கம் சுற்றி, கழுத்து வளையத்தின் அடியிலிருந்து மேலே எடுத்து, முன்னால் விழுந்திருக்கும் சுற்றுக்குள் கீழ்நோக்கிச் செருக வேண்டும். இறுக்கும்போது முடிச்சுக்குக் கீழே ஆள்காட்டி விரலால் லேசாக ஒரு குழி அழுத்திவிட்டார் பெரியப்பா. அதற்குப் பிறகுதான் அது டையாகத் தெரிந்தது. முனை இடைவார்க் கொக்கியைத் தொட்டு நிற்க வேண்டுமாம். என் முதல் முயற்சி தொப்புளுக்கு மேலேயே நின்றுவிட்டது. மகன் சிரித்த சிரிப்பை எழுத வேண்டியதில்லை.

இதற்கு ஃபோர் இன் ஹேண்ட் என்று பெயர். சற்றே ஒரு பக்கம் சாய்ந்து நிற்பதுதான் இதன் அழகு என்பது பெரியப்பாவின் கட்சி. இப்போது எனக்கும் அதுவே. இரு பக்கமும் சமமான, பருத்த முக்கோணமாக அமையும் வின்ட்சர் முடிச்சை மகன் கைப்பேசியில் காட்டினான். வேல்ஸ் இளவரசராக 1925ஆம் ஆண்டு தென்னாப்பிரிக்காவுக்கு வந்துபோன வின்ட்சர் கோமகனின் பெயரைத் தாங்கியிருந்தாலும், அவர் கட்டியது தடித்த துணியில் இதே எளிய முடிச்சைத்தான். தாமஸ் ஃபிங்க், யோங் மாவ் என்னும் இரு இயற்பியலாளர்கள் 1999ஆம் ஆண்டு டைக்கு 85 முடிச்சுகள் உண்டு என்று கணக்கிட்டுக் காட்டினார்கள். எனக்கு ஒன்றே போதும்.

அவிழ்ப்பதற்கும் ஒரு முறை உண்டு: குறுகிய முனையை உருவி இழுக்காமல், கட்டிய வழியிலேயே பின்னோக்கிப் பிரிக்க வேண்டும். துணியை இழைக்கு 45 பாகை சாய்வில் வெட்டி, மூன்று துண்டுகளாக இணைத்துத் தைக்கும் முறைக்கு நியூயார்க்கின் ஜெசி லாங்ஸ்டார்ஃப் 1920களில் காப்புரிமை பெற்றார். அந்தச் சாய்வு வெட்டால்தான் டை நெகிழ்ந்துகொடுத்து, அவிழ்த்து ஓய்வு கொடுத்ததும் பழைய நிலைக்குத் திரும்புகிறது. என் பள்ளி டைக்கு அந்த ஓய்வு ஒரு நாளும் கிடைக்கவில்லை.

திங்கட்கிழமை காலை மகனுக்குப் பின்னால் நின்று நானே கட்டிவிட்டேன்; இரண்டாவது முயற்சியில் முனை கொக்கிக்கு வந்தது. மாலையில் அவன் முடிச்சைத் தளர்த்தித் தலைவழியாகக் கழற்றிக் கதவுப்பிடியில் மாட்டிவிட்டு விளையாடப் போனான். நான் அதை எடுத்து, ஒவ்வொரு சுற்றாகப் பிரித்து, சுருட்டி மேசைமேல் வைத்தேன்.