பெரியம்மாவின் நோட்டு

வேதாகமத்தைக் கையாலேயே எழுதி வரும் பெரியம்மா, இன்று காலை நான் போனபோது அதன் ஐந்தாம் நூலான உபாகமத்தின் 17ஆம் அதிகாரத்தில் இருந்தார். நடுவிரலில் நீல மை அப்பியிருந்தது.

"ராஜாவும் எழுதணுமாம், பாத்தியா" என்று நோட்டை என் பக்கம் திருப்பினார்.

இஸ்ரவேலின் அரசன் குதிரைகளையும் மனைவியரையும் வெள்ளி பொன்னையும் பெருக்கக் கூடாது என்பதோடு, லேவி குலத்துக் குருக்களான ஆசாரியரிடம் உள்ள நியாயப்பிரமாண (திருச்சட்ட) நூலைப் பார்த்துத் தனக்கென ஒரு பிரதி எழுதி, தன் சகோதரர்மேல் மனமேட்டிமை கொள்ளாதபடி அதை ஆயுள் முழுதும் வாசிக்க வேண்டும் என்கிறது அப்பகுதி.

பாபிலோனில் மன்னன் ஹம்முராபி தன் பெயரிலேயே சட்டத்தைக் கல்லில் பொறித்தார். இங்கே அரசன் படியெடுக்கும் மாணவன். மூலமோ ஆசாரியர் கையில்.

நடப்பு வேறு. இஸ்ரவேலின் அரசன் சாலொமோனுக்கு 700 மனைவியர், 300 மறுமனையாட்டிகள். எகிப்திலிருந்து வந்த குதிரைகள் தனி.

பல தலைமுறைக்குப் பின், யூதாவின் அரசன் யோசியாவின் 18ஆம் ஆட்சியாண்டில், எருசலேம் ஆலயத்தைப் பழுதுபார்க்கையில் பிரதான ஆசாரியன் இல்க்கியா ஒரு நூலைக் கண்டெடுத்தார். சம்பிரதி (அரசவை எழுத்தர்) சாப்பான் அதை வாசிக்கக் கேட்ட அரசன், ஆடையைக் கிழித்துக்கொண்டு, அதன் பொருளை விசாரிக்க உல்தாள் என்னும் தீர்க்கதரிசினியிடம் இல்க்கியாவையே அனுப்பினார். (ஒரு பெண்ணிடம் போய் நின்றவர் பிரதான ஆசாரியர் என்பதை நம் பிரசங்கங்களில் நான் அதிகம் கேட்டதில்லை.)

அந்நூல் உபாகமத்தின் மையப் பகுதியே என்று ஆய்வாளர் பலர் கருதுகின்றனர். அப்படியானால், அரசன் தன் கையால் எழுத வேண்டும் என்ற கட்டளையையே யோசியா பிறர் வாசித்துத்தான் கேட்டிருப்பார்.

பெரியம்மா இதற்குள் "குதிரைகளை" என்ற சொல்லை இருமுறை எழுதிவிட்டு, ஒன்றை அடித்துக்கொண்டிருந்தார்.