கொலராடோவில் எல்க் வேட்டை: சில சீசன்களில் தெரிந்துகொண்டவை

இந்த வருடம் ஃபிரீசரில் ஒரு பெண் எல்க்கின் (பெரிய மான் வகை) கறி இருக்கிறது. முந்தைய சீசன்களில் எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. இந்த முறை எதையெல்லாம் மாற்றினேன் என்பதை, இங்கே எல்க் வேட்டை தொடங்க நினைக்கும் தமிழ் நண்பர்களுக்காக எழுதி வைக்கிறேன். இந்த வேட்டையில் துப்பாக்கியின் பங்கு மிகச் சிறியது. காற்று எந்தப் பக்கம் ஓடுகிறது என்று தெரிந்துகொள்வதும், விழுந்த விலங்கின் கறியைக் கெடாமல் கீழே இறக்குவதும்தான் பெரிய பகுதி. தொடக்கத்தில் நானோ என் நேரத்தையும் காசையும் முழுக்கத் துப்பாக்கியிலேயே போட்டேன்.

நாங்கள் போவது வடமேற்குக் கொலராடோவில், மீக்கர் ஊருக்குக் கிழக்கே இருக்கும் ஃப்ளாட் டாப்ஸ் மலைப்பகுதிக்கு. வொயிட் ரிவர் தேசியக் காட்டின் ஒரு பகுதி அது. தரையே 10,000 அடி உயரத்தில் இருக்கும். ஒரு பக்கம் புல்வெளியும் ஆஸ்பென் தோப்பும், மறுபக்கம் பகலிலும் இருட்டாக நிற்கும் ஸ்புரூஸ் காடு. கொலராடோவில் சுமார் 2,80,000 எல்க்குகள் இருக்கின்றன. அமெரிக்காவில் வேறு எந்த மாநிலத்திலும் இவ்வளவு இல்லை. நூறு வருடத்துக்கு முன்னால் நிலைமை தலைகீழ். கறியையும் தோலையும் சந்தையில் விற்பதற்காக நடந்த வேட்டையில் அவை கிட்டத்தட்ட அழிந்துபோய், 1913-14இல் எல்லோஸ்டோன் பக்கத்திலிருந்து ரயிலில் ஏற்றி வந்து எஸ்டெஸ் பார்க் பகுதியில் விட்டார்கள். இன்று நமக்கு டேக் (ஒரு விலங்கை வேட்டையாடும் அனுமதிச் சீட்டு) கிடைப்பதே அந்த மாதிரி மீட்பு வேலைகளாலும், அதன்பிறகு வந்த கட்டுப்பாடுகளாலும்தான். 1937 முதல் துப்பாக்கி, தோட்டா விற்பனையில் ஒரு வரி பிடித்து வனவிலங்குப் பாதுகாப்புக்குக் கொடுக்கிறார்கள். விதிகள் தொல்லையாகத் தெரியும்போது நான் இதை நினைத்துக்கொள்வேன்.

இவ்வளவு எல்க் இருந்தும், வேட்டைக்குப் போகிறவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குத்தான் கிடைக்கிறது.

விதிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1949 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள் வேட்டைப் பாதுகாப்புப் படிப்பை முடித்திருக்க வேண்டும். ரைபிள் சீசனில் இடுப்புக்கு மேல் 500 சதுர அங்குலம் பளிச்சென்ற ஆரஞ்சு அல்லது பிங்க் நிறம் அணிய வேண்டும், தலைக்கும் அதே நிறத்தில் தொப்பி. சூரியன் உதிப்பதற்கு அரை மணி நேரம் முன்பிருந்து, மறைந்து அரை மணி நேரம் வரைதான் சுடலாம். பல யூனிட்களில் (வேட்டைக்கெனப் பிரித்த பகுதிகள்) ஆண் எல்க் என்றால் ஒரு கொம்பிலாவது நான்கு கிளைகள் இருக்க வேண்டும், அல்லது நெற்றிக் கிளை ஐந்து அங்குலமாவது இருக்க வேண்டும். ஒருமுறை விடியற்காலை அரை வெளிச்சத்தில் ஓர் இளம் ஆண் நல்ல தூரத்தில் நின்றது. மூன்று கிளைகள் தெளிவாகத் தெரிந்தன, நான்காவது கிளையா பின்னால் இருந்த மரக்குச்சியா என்று பிடிபடவில்லை. விட்டுவிட்டேன். இன்றும் அதில் எனக்கு வருத்தம் இல்லை.

டேக் விஷயத்தில்தான் முதல் சறுக்கல். இரண்டாம், மூன்றாம் ரைபிள் சீசன்களில் பல யூனிட்களுக்கு ஆண் எல்க் டேக்கைக் குலுக்கல் இல்லாமல் கடையிலேயே வாங்கிவிடலாம். சுலபமாகக் கிடைக்கிறதே என்று அதையே வாங்கிக்கொண்டிருந்தேன். எல்லோரும் அதையேதான் வாங்குகிறார்கள். அக்டோபர் கடைசியில் வண்டி நிறுத்தும் ஒவ்வொரு இடத்திலும் ஆறேழு டிரக் நிற்கும். வளர்ந்த ஆண்களோ அதற்குள் இனச்சேர்க்கைக் காலம் முடிந்து, உடல் தேற்ற யாரும் நுழையாத பள்ளத்தில் ஒன்றிரண்டாக ஒதுங்கியிருக்கும். பெண்கள் அப்போதும் கூட்டமாகத்தான் திரியும். நான் உண்மையில் விரும்பியது கறிதான், சுவரில் மாட்டக் கொம்பு இல்லை. அதனால் இந்த வருடம் ஏப்ரல் குலுக்கலில் பெண் எல்க் டேக் கேட்டேன், கிடைத்தது. என்ன வேண்டும் என்று முதலிலேயே யோசித்திருந்தால் சில சீசன்கள் மிச்சமாகியிருக்கும்.

சரி, காற்றுக்கு வருவோம். இதைத்தான் நீளமாக எழுத நினைத்தேன்.

எல்க்குக்குக் கண்ணும் காதும் கூர்மையானவைதான். அசைவு தெரிந்தால் நின்று பார்க்கும். குச்சி ஒடிந்தால் தலையைத் தூக்கும், பக்கத்தில் இன்னொரு எல்க் நடக்கிறதோ என்று சில நேரம் சும்மாவும் இருந்துவிடும். மனித வாடை பட்டுவிட்டால் மட்டும் யோசிப்பதே இல்லை. கூட்டம் மொத்தமும் திரும்பி ஓடும். பக்கத்து மேட்டில் நிற்காது, மைல்கணக்கில் போய்விடும். அன்றைக்கு அந்தப் பள்ளத்தாக்கில் வேட்டை முடிந்தது.

காலையில் கிளம்பும்போது செயலியில் ‘மேற்குக் காற்று’ என்று பார்த்துக்கொண்டு, மேற்கே முகம் வைத்து நடந்தால் போதும் என்று நினைத்திருந்தேன். மலையில் அது பாதி உண்மை. காற்று பலமாக இல்லாத நாட்களில் வெயிலும் நிழலும்தான் அதை நகர்த்துகின்றன. இரவில் குளிர்ந்த காற்று கனமாகிச் சரிவில் கீழே இறங்கும், ஓடைப் பள்ளத்தில் சேர்ந்து ஓடும். வெயில் சரிவில் விழுந்து தரை சூடானதும் அதே காற்று மேலே ஏறத் தொடங்கும். மாலையில் நிழல் விழுந்ததும் திரும்பவும் கீழே. ஆகவே விடியற்காலையில் எல்க் மேலே இருக்க நாம் கீழேயிருந்து நெருங்க வேண்டும். வெயில் ஏறிய பிறகு மேலேயிருந்து இறங்கி வர வேண்டும். மாலையில் மறுபடி கீழே. படிக்கச் சுலபமாக இருக்கிறது. மலையில் இதை வைத்து ஒரு நாளைத் திட்டமிட எனக்கு நிறைய நாள் பிடித்தது.

ஒரு காலை இதற்குச் சரியான உதாரணம். முப்பதுக்கும் மேற்பட்ட எல்க்குகள் ஒரு கிண்ணம்போல இருந்த புல்வெளியில் மேய்ந்துகொண்டிருந்தன. நானும் நண்பரும் கீழேயிருந்து, ஓடைக்கரை வழியாக, எல்லாம் சரியாகச் செய்துகொண்டே மெல்ல ஏறினோம். காற்று முகத்தில் அடித்தது. இன்னும் 300 கஜம். ஆனால் ஊர்ந்து ஊர்ந்து வந்ததில் ஒன்பதரை மணி ஆகிவிட்டது, வெயில் எங்கள் முதுகில் விழுந்தது. கழுத்துக்குப் பின்னால் சில்லென்று ஒரு தொடுகை. அவ்வளவுதான், மேலே முதல் பெண் தலையைத் தூக்கியது. அரை நிமிடத்தில் புல்வெளி காலி. நாங்கள் அதைவிட ஒரு மணி நேரம் முன்னால் நெருங்கியிருக்க வேண்டும், இல்லையென்றால் அப்படியே நின்று, சுற்றிப்போய் மேலேயிருந்து வந்திருக்க வேண்டும். காற்று திரும்பும் அந்த இடைப்பட்ட நேரம்தான் மிக மோசம். ஏறாமலும் இறங்காமலும் சுழலும். இப்போது அந்த நேரத்தில் நான் நகர்வதே இல்லை. ஒரு மேட்டில் உட்கார்ந்து பைனாகுலரில் பார்ப்பதோடு சரி.

சட்டைப்பையில் ஒரு சின்னக் குப்பியில் டால்க் பவுடர் எப்போதும் இருக்கும். சில நிமிடத்துக்கு ஒருமுறை லேசாக அழுத்தினால் போதும், பவுடர் எங்கே போகிறது என்று கண்ணுக்குத் தெரியும். கன்னத்தில் படும் காற்றை நம்புவதைவிட இது ஆயிரம் மடங்கு மேல், ஏனென்றால் பவுடர் பத்தடி போய்த் திரும்புவதையும் பார்க்கலாம். மேகம் வந்து வெயிலை மறைத்தால் பட்டப்பகலிலும் காற்று கீழே இறங்குவதை அப்படித்தான் கண்டுகொண்டேன். வாடையை மறைக்கும் ஸ்பிரே, விசேஷச் சோப்பு எல்லாம் வாங்கினேன். மூட்டையோடு ஏறி வேர்த்த பிறகு அவற்றால் எந்த வித்தியாசமும் தெரியவில்லை.

அடுத்தது, எங்கே தேடுவது. செப்டம்பரில் முகாம் போட்டபோது ஆண் எல்க்குகள் கத்திக்கொண்டிருந்த புல்வெளிகளை வரைபடத்தில் குறித்து வைத்தேன். அக்டோபர் கடைசியில் அங்கே போனால் ஒன்றுகூட இல்லை. முதல் சீசனின் துப்பாக்கிச் சத்தத்துக்குப் பிறகு அவை இரவில் மட்டும் வெளியே மேய்கின்றன, பகலில் வடக்குச் சரிவின் அடர்ந்த காட்டுக்குள் படுத்துவிடுகின்றன. தடயம் பார்க்கப் பழகியதும் நிலைமை மாறியது. புழுக்கை பளபளப்பாக, மிருதுவாக இருந்தால் சற்று முன் போனது. காய்ந்து வெளிறியிருந்தால் அது பழங்கதை, அங்கே உட்காரக் கூடாது. படுத்த இடத்தில் புல் அமுங்கி, தொழுவத்து வாடைபோல ஒன்று வரும். அந்த வாடை காற்றில் வந்தால் நின்றுவிட வேண்டும், அருகிலேயே இருக்கின்றன என்று அர்த்தம்.

சுடுவதைப் பற்றிக் கொஞ்சம்தான். ரேஞ்சில் மேசை மேல் மணல் மூட்டை வைத்துச் சுட்டுப் பழகியது மலையில் உதவவில்லை. 10,000 அடியில் ஏறி வந்து மூச்சு வாங்கும்போது, உட்கார்ந்து, குச்சித் தாங்கியில் வைத்துச் சுட வேண்டியிருக்கும். இந்தக் கோடையில் அப்படி மட்டுமே பழகினேன். 250 கஜத்துக்கு மேல் சுடுவதில்லை என்று முடிவு செய்தேன், ஏனென்றால் அதற்கு மேல் என் குண்டு விழும் இடம் எனக்கு நிச்சயமில்லை. காயப்பட்டு ஓடி, கிடைக்காமல் எங்கோ சாகும் எல்க்கைப் போல வேதனையான விஷயம் இந்தப் பொழுதுபோக்கில் இல்லை. டிரக்கில் கரடுமுரடான பாதையில் போன பிறகு, காட்டுக்குள் நுழையும் முன் ஸ்கோப்பை ஒருமுறை சரிபார்ப்பதும் இப்போது பழக்கமாகிவிட்டது.

இந்த வருடத்து எல்க் மாலையில் வந்தது. புல்வெளிக்குக் கீழ்ப்பக்கம், விழுந்து கிடந்த ஸ்புரூஸ் மரத்துக்குப் பின்னால் நானும் நண்பரும் உட்கார்ந்திருந்தோம். நிழல் விழுந்ததும் பவுடர் எங்களைத் தாண்டிக் கீழே வழுகியது. மேலே காட்டோரத்திலிருந்து ஐந்தாறு பெண்கள் வெளியே வந்தன. 180 கஜத்தில் ஒன்று பக்கவாட்டில் திரும்பி நின்றது. முன்காலுக்குச் சற்றுப் பின்னால், உடம்பின் கீழிருந்து மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் குறிவைத்தேன். அது ஓடிக் காட்டுக்குள் மறைந்தது. உடனே துரத்தாமல் அரை மணி நேரம் அப்படியே இருந்தோம். பிறகு ரத்தத் தடத்தைப் பிடித்துப் போனால், உள்ளே அறுபது கஜத்தில் விழுந்து கிடந்தது. கொஞ்ச நேரம் பக்கத்தில் உட்கார்ந்தேன். அந்த உயிருக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன் என்று தோன்றியது. அந்தக் கடமை, கறியில் ஒரு துண்டும் வீணாகாமல் பார்த்துக்கொள்வதுதான்.

அதை முன்பு ஒருமுறை செய்யத் தவறியிருக்கிறோம். சில வருடத்துக்கு முன் எங்கள் குழுவில் ஒருவர் இருட்டும் நேரத்தில் ஒரு எல்க் அடித்தார். குடலை மட்டும் எடுத்துவிட்டு, “குளிர்தானே, காலையில பார்த்துக்கலாம்” என்று விட்டுவிட்டு இறங்கினோம். இரவு தண்ணீர் உறையும் குளிர். ஆனால் எல்க்கின் தோலும் அடர்ந்த முடியும் உடல் சூட்டை வெளியே விடுவதில்லை. பெரிய தசைக்கு நடுவே, தொடை எலும்பு இடுப்போடு சேரும் இடத்தில், சூடு விடியும்வரை அப்படியே இருந்திருக்கிறது. தரையில் அழுந்தியிருந்த பக்கத்துப் பின்தொடை புளித்துப்போய், அதை எறிய வேண்டியதாயிற்று. அன்று வந்த நாற்றம் இன்னும் நினைவிருக்கிறது.

அதனால் இந்த முறை இரவு எத்தனை மணியானாலும் அங்கேயே முடிப்பது என்று நெற்றி விளக்கோடு உட்கார்ந்தோம். வயிற்றைத் திறக்காமலே செய்யும் முறை: ஒரு பக்கம் தோலை உரித்து, முன்கால், பின்தொடை, முதுகுக் கறி, கழுத்துக் கறி எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, மறுபக்கம் புரட்டி அதையே செய்வது. உள்ளே இருக்கும் சிறு முதுகுத் துண்டுகளைக் கடைசியில் விலாவுக்குக் கீழே கைவிட்டு எடுக்கலாம். பெண் என்பதற்கான அடையாளத்தை ஒரு தொடையோடு ஒட்டியே விட்டுவைக்க வேண்டும், இது சட்டம். ஒவ்வொரு துண்டும் காற்றுப் புகும் துணிப்பையில் போய், மரக்கிளையில் தொங்க வேண்டும். பிளாஸ்டிக் பை கூடவே கூடாது, உள்ளே வேர்த்துக் கெட்டுவிடும்.

பெண் எல்க் ஒன்று சுமார் 500 பவுண்டு இருக்கும். எலும்பு நீக்கினாலும் இருவர் முதுகில் பல நடைகள் ஏற்றி இறக்க வேண்டிய கறி. வண்டியிலிருந்து ஒன்றரை மைலுக்கு மேல் போய்ச் சுடுவதில்லை என்று முன்கூட்டியே பேசி வைத்தது அன்று எங்களைக் காப்பாற்றியது. விழுந்த மரங்களைத் தாண்டித் தாண்டி ஐம்பது பவுண்டு சுமப்பது சமதளத்தில் சுமப்பது மாதிரி இல்லை. உள்ளே பருத்திப் பனியன் வேண்டாம், வேர்வையில் நனைந்து காயவே காயாது, கம்பளிதான்.

தலையைப் பரிசோதனைக்குக் கொடுத்தேன். மான் இனத்தில் பரவும் நாட்பட்ட நலிவு நோய் முதலில் தெரியவந்ததே கொலராடோவில்தான், 1967இல் ஃபோர்ட் காலின்ஸில். சமைத்தாலும் அந்த நோயை உண்டாக்கும் புரதம் அழிவதில்லை. மனிதருக்குத் தொற்றியதாக உறுதியான சான்று இல்லை, ஆனாலும் நோயுள்ள கறியைச் சாப்பிட வேண்டாம் என்றே சுகாதாரத் துறை சொல்கிறது. முடிவு வரும்வரை ஒரு துண்டும் சமைக்கவில்லை. நோய் இல்லை என்று வந்தது.

சமையலிலும் சொல்ல ஒன்று உண்டு. எல்க் கறியில் கொழுப்பே கிடையாது, இருக்கும் கொஞ்சமும் மெழுகுபோல அண்ணத்தில் ஒட்டும், அதனால் வெட்டி எறிந்துவிடுங்கள். முதுகுக் கறியை ஆட்டுக்கறி என்று நினைத்துக் குக்கரில் வைத்தால் நாராகிவிடும். அதைச் சூடான இரும்புக் கல்லில் உப்பு, மிளகு போட்டு, உள்ளே சிவப்பாக இருக்கும்போதே எடுக்க வேண்டும். குக்கருக்கு ஏற்றது கால் தசைதான். சின்ன வெங்காயமும் மிளகும் தூக்கலாகப் போட்டுச் சுக்காவாக இறக்கினேன், வீட்டில் பானை காலி.

அடுத்த வருடமும் அதே யூனிட்டில் பெண் எல்க் டேக்குக்கே விண்ணப்பிக்கிறேன். நண்பர் செப்டம்பரில் வில்லோடு போகிறார், அவருக்குச் சுமை தூக்க நான் போவதாகப் பேச்சு. அதற்குள் துணிப்பை இன்னொரு செட் வாங்க வேண்டும். இந்த முறை பை போதாமல் கழுத்துக் கறியைத் தலையணை உறையில் கட்டித்தான் இறக்கினோம்.