முதலில் யாரிடம் சொல்வது?

ராஜினாமா கடிதத்தை நேராகத் தோட்டத்து மேனேஜரான துரையிடம் கொடுத்ததில் தப்பில்லை என்றுதான் இன்றும் நினைக்கிறேன். மேனேஜர் பெயருக்கு எழுதிய கடிதம் மேனேஜர் கைக்குத்தானே முதலில் போக வேண்டும்? ஆனாலும் அன்று மத்தியானம் ஆபீசின் தலைமைக் குமாஸ்தாவான பெரிய கிராணி சொன்னது மனத்தை விட்டுப் போகமாட்டேன் என்கிறது.

"லெட்டர் நல்லா எழுதியிருக்கேம்மா. துரை காட்டினாரு."

"சொல்லணும்னுதான் இருந்தேன் அங்கிள்."

"பரவால்லம்மா."

அவ்வளவுதான். கோபப்பட்டிருந்தால் நானும் ஏதாவது பேசியிருப்பேன். அவரோ ஆட்களின் பேர்ப்பதிவான செக்ரோலில் விரலை வைத்துப் பெயர் பெயராக இறங்கிக்கொண்டே சொன்னார்; கடைசிப் பெயர் வரைக்கும் விரல் நிற்கவில்லை.

பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம். முடித்து வீட்டில் இருந்த என்னை, 'மண்டோர் மகள், கணக்கு நல்லா வரும்' என்று சொல்லி ஆபீசில் சேர்த்துவிட்டவர் அவர். அப்பா மண்டோர், அதாவது கங்காணி. செம்பனைக் குலைக் கணக்கும் ஆலையிலிருந்து வரும் எடைச்சீட்டும் எந்த இடத்தில் இடிக்கும் என்று பக்கத்தில் உட்கார்ந்து காட்டிக் கொடுத்தவர்.

கடிதத்தில் யாரும் குறை சொல்ல முடியாது. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாதவரை, ஐந்து வருடமோ அதற்கு மேலோ வேலை செய்தவர் 8 வாரம் முன்னதாகச் சொல்ல வேண்டும் என்கிறது மலேசியாவின் 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம். இரண்டு வருடத்துக்குள் என்றால் 4 வாரம், இடைப்பட்டவர்களுக்கு 6 வாரம். வேறு யாரோ வேலையை விட்டபோது இதை எனக்குச் சொல்லித் தந்ததும் அவர்தான். 8 வாரம் கொடுத்தேன். காரணம், சொந்தக் காரணம். கிள்ளானில் ஒரு சரக்குக் கம்பெனியில் கூடுதல் சம்பளம் என்று எழுதி யாருக்கு என்ன லாபம்?

அவரிடம் முதலில் சொல்லியிருந்தால்? அதையும் யோசித்துப் பார்த்துவிட்டேன். 'தீபாவளி வரைக்கும் இரும்மா, போனஸ் வரட்டும்' என்பார். சாயங்காலம் அம்மாவுக்குப் போன் போகும். மறுநாள் பத்தாங் பெர்ஜுந்தை மார்க்கெட் முழுக்கத் தெரிந்திருக்கும். ஊர்ப் பெயர் 2007-இல் பெஸ்தாரி ஜெயா ஆகிவிட்டது, இருந்தாலும் எங்கள் வாயில் பழைய பெயர்தான் வருகிறது. அப்புறம் துரையே என்னைக் கூப்பிட்டு, 'போறியாமே?' என்று கேட்டிருப்பார். அது மரியாதையாக இருந்திருக்குமா? அதுவும் போக, அவர் 'இரு' என்று சொல்லியிருந்தால் நான் இருந்திருப்பேன். அந்தப் பயமும் உண்டு.

சரி, இதெல்லாம் நியாயம்தான். ஆனால் துரைமார் வருவார்கள், மாற்றலாகி அடுத்த தோட்டத்துக்குப் போய்விடுவார்கள். என் அப்பா இறந்த அன்று ஆபீஸைப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு வந்து, பந்தல்காரனோடு பேரம் பேசியது எந்தத் துரையும் இல்லை.

நோட்டீஸ் காலம் முழுவதும் அவர் என்னிடம் முகம் கோணவில்லை. புதிதாக வந்த பிள்ளைக்கு நான் வேலை சொல்லிக் கொடுக்கும்போது விட்டுப்போனதை எடுத்துக் கொடுத்தார். முறைப்படி நோட்டீஸ் கொடுத்து வேலையை விட்டு நிற்பவருக்குக் கடைசி நாளுக்குள் சம்பளத்தை முடிக்க வேண்டும் என்பது சட்டம். பல இடங்களில் இழுத்தடிப்பார்கள். இங்கே அன்று காலையிலேயே எல்லாம் தயார். எடுக்காத லீவுக்கான பணம், ஊழியர் சேமநிதியான இ.பி.எப்.பில் என் பங்கு 11 சதவீதம், தோட்டத்துப் பங்கு 13 சதவீதம், ஒவ்வொரு வரிக்குப் பக்கத்திலும் பென்சிலால் ஒரு சின்ன டிக். "சரியா இருக்கான்னு பாத்துக்கம்மா" என்றார். சரியாகத்தான் இருந்தது. கையெழுத்துப் போட்டேன். நான் அவரிடம் நடந்துகொண்டது போலவே அவரும் என்னிடம் நடந்துகொண்டார், எல்லாம் முறைப்படி. ஒருவேளை இது என் கற்பனையாகவும் இருக்கலாம். யாருடைய கணக்கையும் அவர் அப்படித்தான் முடிப்பார்.

போன வாரம் அவர் மகள் கல்யாணப் பத்திரிகை வந்தது, அம்மா பெயருக்கு. "குடும்பத்தோடன்னு போட்டிருக்கே, அப்புறம் என்ன?" என்கிறார் அம்மா. அதுவும் சரிதான், கல்யாணமாகாத பெண்ணுக்குத் தனிப் பத்திரிகை யார் வைக்கிறார்கள்? போவதாகத்தான் இருக்கிறேன். மொய்க் கவர் மட்டும் தனியாக, என் பெயரில்.