5(ஜே)

சங்கத்தில் என்ன வேலை என்று கேட்பவர்கள் மனதில் கொடியும் கோஷமும்தான் இருக்கும். அதெல்லாம் உண்டு. 2024 மார்ச் 8-ம் தேதி வங்கி ஊழியர்களுக்கு 17 சதவீத ஊதிய உயர்வு ஒப்பந்தம் கையெழுத்தானபோது எங்கள் மாவட்டத்திலும் வாயிற்கூட்டம் போட்டு லட்டு கொடுத்தோம். ஆனால் வங்கி ஊழியர் சங்கத்தில் இந்தப் பதினெட்டு வருடத்தில் என் நேரத்தை அதிகம் எடுத்துக்கொண்டது உள்விசாரணைதான். சார்ஜ் ஷீட் வாங்கிய ஊழியரின் பக்கத்தில் உட்கார்ந்து, அவருக்காகக் கேள்வி கேட்கப் பதிவுபெற்ற சங்கத்தின் பிரதிநிதிக்கு உரிமை உண்டு. டிஃபென்ஸ் ரெப் என்போம்.

2016 நவம்பர். பழைய 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. ஒரு சின்ன ஊர்க் கிளையில் ஒரே கேஷியர், இளம்பெண். காலையில் உட்கார்ந்தவர், கவுன்டரை விட்டு எழவே முடியவில்லை. இரவு ஒன்பது மணிக்கு எண்ணியபோது 38,000 ரூபாய் குறைந்தது. மூன்று முறை எண்ணியும் அதேதான். "இன்னிக்கு ஷார்டேஜ் எழுத வேண்டாம்மா, காலையில கொண்டுவந்து கட்டிடு" என்றார் மேனேஜர். கெட்ட எண்ணத்தில் சொன்னதாக நான் இன்றும் நினைக்கவில்லை. மறுநாள் அந்தப் பெண் வளையலை அடகு வைத்துப் பணத்தோடு வருவதற்குள், ஆய்வுக்கு வந்த அதிகாரி கேஷை எண்ண ஆரம்பித்துவிட்டார்.

குற்றச்சாட்டு 5(ஜே). ஊழியர் மீதான ஒழுங்கு நடவடிக்கை பற்றி வங்கிகளும் சங்கங்களும் போட்ட 2002 ஏப்ரல் 10 ஒப்பந்தத்தில் கடும் குற்றங்களின் வரிசையில் வந்தது. வங்கிக்குப் பெரிய இழப்பை உண்டாக்கிய அல்லது உண்டாக்கக்கூடிய அலட்சியம். நிரூபித்துவிட்டால் வேலையே போகலாம். அதே ஒப்பந்தத்தில் வேலையில் கவனக்குறைவு என்று ஒரு சிறு குற்றமும் இருந்தது. அதற்கு இன்கிரிமென்ட்டை நிறுத்துவதென்றாலும் ஆறு மாதத்துக்கு மேல் முடியாது என்றிருந்தது. இந்த இரண்டில் எது என்பதுதான் உள்விசாரணையில் எங்கள் சண்டை முழுவதும்.

விசாரணையின் முதல் நாள் மதியம் அந்தப் பெண் டிபன் பாக்ஸைத் திறந்து, தயிர்சாதத்தைப் பார்த்துவிட்டு மூடினார். "அண்ணே, வேலை போயிருமாண்ணே?" போகாது என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. "நாளைக்கு மேனேஜர் சாட்சிக்கு வர்றாரும்மா, இப்ப சாப்பிடு" என்றேன்.

அன்றன்றைய பண இருப்பை எழுதும் கேஷ் பேலன்ஸ் புத்தகம் நிர்வாகத் தரப்பு ஆவணம். அன்றிரவு இருப்புக்குக் கீழே இரண்டு கையெழுத்து, கேஷியருடையதும் மேனேஜருடையதும். சேஃப் ஜாயின்ட் கஸ்டடி, ஒரு சாவி கேஷியரிடம், ஒன்று மேனேஜரிடம். ஒருவர் மட்டும் பூட்ட முடியாது.

"சார், கையெழுத்துப் போடும் முன்னால் பணத்தைச் சரிபார்த்தீர்களா?"

பார்த்தேன் என்றாலும் சிக்கல், பார்க்கவில்லை என்றாலும் சிக்கல். மேனேஜர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தார். மாட்டிக்கொண்டார். மறுபடியும் கழற்றினார். "எழுத வேண்டாம்னு நான்தான் சொன்னேன்."

விசாரணை அதிகாரி தட்டச்சு செய்வதை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தார். அப்புறம் அதை அப்படியே பதிவு செய்தார். பக்கம் பக்கமாக எல்லோரும் கையெழுத்திட்டோம். மேனேஜர் கை நடுங்கியது. அந்த வாக்கியத்துக்காக அவருக்கும் மெமோ வந்தது. அதை வரவழைத்தவன் நான் என்பது பல நாள் உறுத்தியது. அதிகாரிகள் சங்கத்துத் தோழரைக் கூப்பிட்டு, "இவரைத் தனியா விட்டுடாதீங்க" என்று கேட்டுக்கொண்டேன்.

5(ஜே) நிரூபணமாகவில்லை. கவனக்குறைவு மட்டும், ஆறு மாதத்துக்கு இன்கிரிமென்ட் நிறுத்தம். சரி, வேலை தப்பியது.

ஆனால் அந்த 38,000 அந்தப் பெண்ணின் சொந்தப் பணம். அந்த வாரங்களில் எங்கள் மாவட்டத்தில் இப்படிக் கைக்காசைக் கட்டிய கேஷியர்கள் இன்னும் சிலர் உண்டு. யாரும் ஒரு ரூபாய் எடுத்தவர்கள் இல்லை, தூங்காமல் நோட்டு எண்ணியவர்கள். திருப்பித் தரக் கேட்டு நான்கு கடிதம் எழுதியாயிற்று, பதில் இல்லை. ஐந்தாவதை நேற்றிரவு எழுதி முடித்தேன். இந்த முறை மேனேஜர் சொன்ன பதில் இருக்கும் பக்கத்தை நகல் எடுத்து இணைத்திருக்கிறேன்.