மதுரை மனைத் தரகு: வெளியூரிலிருந்தே பார்க்க முடியுமா?

சென்னையில் இருந்துகொண்டே ஊமச்சிகுளம், ஒத்தக்கடை பக்கம் மனை முடித்துக் கொடுக்கலாமா என்று தரகுக்குப் புதிதாக வருகிறவர்கள் கேட்கிறார்கள். பத்திர வேலையை எங்கிருந்தும் பார்க்கலாம். இடத்தை அப்படிப் பார்க்க முடியாது.

விற்பவரிடம் தாய்ப்பத்திரம் முதல் நடப்புப் பத்திரம் வரை ஸ்கேன் வாங்கி, பதிவுத்துறை இணையதளத்தில் முப்பது வருஷத்துக்காவது வில்லங்கம் (அந்த இடத்தில் பதிவான விற்பனை, அடமானங்களின் பட்டியல்) போடுங்கள். பார்க்கக் காசு இல்லை. இங்கேதான் பலர் சறுக்குவார்கள். இன்று சர்வே எண் 45/2பி என்று இருக்கும் மனை, பிரிப்பதற்கு முன் வெறும் 45/2. புதிய எண்ணை மட்டும் போட்டால் பழைய அடமானம் கண்ணில் படாமலே போகலாம். இரண்டுக்கும் போடுங்கள். மாநகராட்சிக்குள் வந்துவிட்ட ஊர்களில் வார்டு, பிளாக், டவுன் சர்வே எண்ணையும் கேட்டு வாங்குங்கள்.

பட்டாவில் ஹெக்டேர், ஏர் கணக்கு. பார்ட்டி பேசுவது சென்ட். ஒரு ஏர் சுமார் 2.47 சென்ட், ஒரு சென்ட் 435.6 சதுர அடி. பத்திரத்தில் 5 சென்ட் இருந்து பட்டாவில் 0 - 1.80 (0 ஹெக்டேர், 1.80 ஏர்) என்று இருந்தால் அரை சென்ட்டுக்கு மேல் குறைகிறது. விலை பேசும் முன்பே இதைக் கேட்டுவிட வேண்டும். அ-பதிவேட்டில் (கிராம நிலப் பதிவேட்டில்) கண்மாய், ஓடை என்று புறம்போக்கு வந்தால் அந்த இடத்தையே விட்டுவிடுங்கள்.

சித்திரையில் எடுத்த வீடியோவில் கண்மாய் உள்வாயும் (தண்ணீர் தேங்கும் பகுதியும்) கட்டாந்தரைதான். தண்ணீர் நிற்பது ஐப்பசி, கார்த்திகையில்தான் தெரியும். உள்ளூர் ஆளை அனுப்பினால் தார் ரோட்டில் இறங்கியதிலிருந்து நாலு மூலைக் கல்லையும் சுற்றி முடிக்கிற வரை வெட்டாத வீடியோ கேளுங்கள். பாதையின் அகலத்தை டேப் பிடித்துக் காட்டச் சொல்லுங்கள். துண்டு துண்டாக வந்தால் அந்த நல்ல பாதை பக்கத்து மனைக்குப் போவதாகக்கூட இருக்கும். பக்கத்து மனைக்காரரிடம் பேச்சுக் கொடுத்தால் பங்காளித் தகராறு, வாய்மொழி அட்வான்ஸ் எல்லாம் வெளியே வரும். வில்லங்கத்தில் இவை வராது.

அதனால் முதல் வருஷம் மதுரையிலேயே இருந்து, இரண்டு மூன்று ஊரை மட்டும் கல் கல்லாகத் தெரிந்துகொள்வதே சரி. எந்த ஆளை நம்பி அனுப்பலாம் என்பது அதற்குப் பிறகுதான் பிடிபடும்.

ரேராவில் (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில்) பதிவான லேஅவுட்டை விற்றுக் கொடுக்க நீங்களும் ஏஜென்ட்டாகப் பதிந்திருக்க வேண்டும். இல்லையென்றால் 2016ஆம் ஆண்டுச் சட்டப்படி நாளொன்றுக்கு 10,000 ரூபாய் அபராதம். மனை விலையில் 5 சதவீதம் வரை ஏறும்.

வெளியூர்ப் பார்ட்டியிடம் முத்திரைத்தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2 சதவீதம் என்பதை முதல் போனிலேயே சொல்லுங்கள். உங்கள் கமிஷன் எவ்வளவு, உள்ளூர் ஆளுக்கு அதில் எவ்வளவு என்பதை இடம் காட்டும் முன்பே எழுத்தில் வாங்குங்கள். வாட்ஸ்அப்பில் ஒரு 'சரி' வந்தால்கூடப் பரவாயில்லை. விற்பவரும் வாங்குபவரும் நேரில் பார்த்துக்கொண்ட பிறகு, ஊரில் இல்லாத தரகரைக் கழற்றிவிடுவது ரொம்பச் சுலபம்.