தொட்டி மண்ணின் ஸ்பிரிங்டெயில்கள்: நிறம் பார்த்த குறிப்புகள்

7 டிசம்பர் 2024

மழை வலுத்ததிலிருந்து சிங்கப்பூரில் எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி நடைவழியில் இருக்கும் கறிவேப்பிலைத் தொட்டிகளின் அடித்தட்டு காய்வதே இல்லை. தொட்டியை நகர்த்தினால், ஒன்றரை மில்லிமீட்டர் நீளம்கூட இல்லாத ஸ்பிரிங்டெயில்கள் என்னும் ஆறுகால் மண்ணுயிர்கள் துள்ளிச் சிதறுகின்றன. சில வெள்ளியாய் மின்னுகின்றன, சில மங்கிய பழுப்பு. “தம்பி, இது செடியத் தின்னுடுமா?” என்று பக்கத்து வீட்டு அக்கா கேட்டார். பெரும்பாலும் பூஞ்சையும் மக்கிய இலையுமே இவற்றின் உணவு என்று விளக்கியதும், மருந்து தெளிக்கும் எண்ணத்தைக் கைவிட்டார்.

8 டிசம்பர்

வெள்ளியும் பழுப்பும் ஓரினமா, ஈரினமா என்பதே கேள்வி. பழுப்பான ஒன்றை உருப்பெருக்கியின் கீழ் வைத்து விளக்கைப் பக்கவாட்டில் மெல்ல நகர்த்தியபோது, வயிற்றுக் கண்டங்களின் ஓரங்களில் மட்டும் சில செதில்கள் ஊதாவாகவும் பின்னர் பொன்னிறமாகவும் மாறி மாறி ஒளிர்ந்தன. நடுமுதுகில் செதில் எதுவும் மிஞ்சவில்லை; அங்கே தெரிந்தது உடலின் சொந்த நிறமி. செதிலின் மினுமினுப்பு ஒளி படும் கோணத்தைப் பொறுத்து மாறும், நிறமியோ எந்தக் கோணத்திலும் மாறாது. செதில்கள் லேசாக உரசினாலே உதிர்பவை என்பதால், வெள்ளியாக மின்னுபவற்றின் அடியிலும் இதே பழுப்பு இருக்கலாம். ஸ்பிரிங்டெயில்களில் செதிலுள்ள பேரினங்களும் செதிலற்றவையும் உண்டு. ஆகவே செதில் இருந்ததா என்பதை நிறத்துக்கு முன்பே குறித்துக்கொள்வது அவசியம்.

14 டிசம்பர்

புக்கிட் தீமா இயற்கை வனப்பகுதியில் உளுத்த மரக்கட்டையின் அடியில் ஆரஞ்சுச் சிவப்பில் நெயனூரிடே குடும்பத்தைச் சேர்ந்த ஸ்பிரிங்டெயில் ஒன்று. உடல் முழுதும் புடைப்புகள். துள்ள உதவும் ஃபர்குலா இல்லாததால் அசைந்து அசைந்துதான் நகர்ந்தது. தேசியப் பூங்காக் கழகத்தின் அனுமதியின்றி அங்கிருந்து எதையும் எடுக்கக்கூடாது. ஆகவே சாம்பல் நிற அட்டையை அருகில் வைத்துப் படம் மட்டும் எடுத்தேன். அட்டை இல்லாத படத்தில் சிவப்பை நம்ப முடியாது, ஏனெனில் ஒவ்வொரு கேமராவும் அதைத் தன் போக்கில் சரிசெய்துவிடுகிறது.

22 டிசம்பர்

கண்ணாடிக் குப்பியில் வைத்திருந்த பழுப்பு ஸ்பிரிங்டெயில்களில் ஒன்று இன்று தோலுரித்தது. பூச்சிகளில் பெரும்பாலானவை முதிர்ந்தபின் தோலுரிப்பதில்லை. இவையோ வாழ்நாள் முழுவதும் உரிப்பவை. உரிப்பதற்கு முன் இரை எடுக்காமல் குடல் வெறுமையாகிவிடுவதால், வெளிறிய உடலினூடே கருங்கோடாகத் தெரிந்த உணவும் காணாமல் போயிருந்தது. அந்தக் கோட்டை உடலின் வரி என்று யாரும் எளிதில் குறித்துவிடுவார்கள். புதுத்தோலின் முதுகு முழுவதும் வெள்ளிச் செதில்கள்! எட்டாம் தேதி எழுந்த ஐயம் இதோடு தீர்ந்தது.

29 டிசம்பர்

உலகில் 9,000-க்கும் அதிகமான ஸ்பிரிங்டெயில் இனங்கள் பெயரிடப்பட்டிருக்கின்றன. அவற்றுள் பல, ஆல்கஹாலில் நிறம் மங்கிய மாதிரிகளைக் கொண்டே விவரிக்கப்பட்டவை. அதனாலேயே இனம் பிரிப்பதில் முடிகளின் அமைவுக்கு முதன்மை தரப்பட்டது, அது நியாயமே. ஆயினும் சில பேரினங்களில், நிறக்கோலத்தால் மட்டும் வேறுபட்டவை தனி இனங்களே என்று மரபணு ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆகையால் நிறத்தை ஒதுக்குவதைவிட, உயிரோடிருக்கும்போதே அதைச் சரியாகப் பதிவதுதான் முறை என்று கருதுகிறேன். “பழுப்பு” என்று எழுதுவதைவிட, எந்தக் கண்டத்தில் பட்டை தொடங்கி எங்கே முடிகிறது, கண் திட்டிலிருந்து கோடு பக்கவாட்டில் ஓடுகிறதா, உணர்கொம்பின் நான்கு கணுக்களில் எது கருத்திருக்கிறது என்று எழுதினால், வேறொருவர் வேறொரு விளக்கொளியிலும் அதை ஒப்பிட்டுப் பார்க்க முடியும்.